ரெக்கார்டு போட்டா அடியில ஒரு உறுமல்: எங்கேந்து வருதுன்னு பிடிக்கிறது எப்படி

ரெக்கார்டு ஓடும்போது பாட்டுக்கு அடியில ஹம்ம்ம்னோ கடகடன்னோ தூரத்து இடி மாதிரியோ ஒரு சத்தம் வருதுன்னா, முதல்ல எதையும் வாங்காதீங்க. கேபிள் வேணாம், மேட் (ரெக்கார்டுக்கு அடியில போடுற விரிப்பு) வேணாம், புது கார்ட்ரிட்ஜும் (ஊசி இருக்கற சின்ன டப்பா) வேணாம். நான் மூணையும் வாங்கிட்டுத்தான் பேசுறேன். ரைட் ஸ்பீக்கர்ல மட்டும் ரெண்டு மாசமா ஒரு ஹம், நல்ல ஷீல்டு கேபிளா பாத்து மாத்தினேன், எர்த் வயரை தடிமனா இழுத்தேன், மேட்டு மாத்தினேன் (ஹம்முக்கும் மேட்டுக்கும் என்ன சம்பந்தம்னு இப்ப கேட்டா எனக்கே தெரியாது), கார்ட்ரிட்ஜையும் மாத்தலாம்னு புதுசு வாங்கி, பழசை கழட்டும்போது பாத்தா ஹெட்ஷெல்லுக்குள்ள (ஆர்ம் முனையில கார்ட்ரிட்ஜை தாங்குற பாகம்) பச்சை வயரோட கிளிப் லூசா தொங்கிட்டு இருக்கு. ஒரு பல்குச்சியை உள்ள விட்டு கிளிப்பை லேசா நெருக்கினேன், அவ்ளோதான், சத்தம் போச்சு.

அடி சத்தம் மட்டும் ஏன் இப்படி படுத்துதுன்னு ஒரு கணக்கு தெரிஞ்சுக்கிட்டா மத்தது எல்லாம் சுலபமா புரியும். எம்எம் (உள்ள காந்தம் அசையற வகை) கார்ட்ரிட்ஜ்லேந்து வர்றதே 3லேந்து 5 மில்லிவோல்ட், எம்சின்னா (காயில் அசையற வகை) அதுலயும் பத்துல ஒரு பங்கு. அதை ஃபோனோ ஸ்டேஜ் (ரெக்கார்டு சிக்னலுக்குன்னே இருக்கற முதல் ஆம்ப்) சுமார் 100 மடங்கு பெருக்குது. அதோட விடல. ரெக்கார்டு வெட்டும்போதே பேஸை கொறச்சு வெட்டுவாங்க, இல்லேன்னா ஊசி ஓடுற பள்ளம் பக்கத்து பள்ளத்துல போய் இடிக்கும், அதனால கேக்கும்போது பேஸை திருப்பி தூக்கணும், இதுக்குத்தான் ஆர்ஐஏஏ கர்வ். 1000 ஹெர்ட்ஸ் 100 மடங்கு பெருகுற அதே இடத்துல 50 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 700 மடங்கு பெருகும். அதாவது கரண்ட்லேந்து ஒரு சொட்டு ஹம் கசிஞ்சாலும், மோட்டார் துளி அதிர்ந்தாலும், ஆம்ப் அதை ராஜமரியாதையோட மேல தூக்கிவிடும். டேபிள் (டர்ன்டேபிளைத்தான் சொல்றேன்) கெட்டுப்போச்சுன்னு இல்ல, இந்த சிஸ்டம் அமைப்பே அப்படி.

இப்ப டெஸ்ட். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. நாலு நிலையில கேட்டுப் பாக்கணும், ஒவ்வொரு நிலை மாத்தும்போதும் வால்யூமை கொறச்சுட்டு மாத்துங்க, ஊசி தடால்னு விழுந்தா ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) போயிடும்.

ஒண்ணு, ஊசி மேல தூக்கியிருக்கு, பிளாட்டர் (ரெக்கார்டு உக்கார்ற தட்டு) நிக்குது. ரெண்டு, ஊசி மேலதான், பிளாட்டர் சுத்துது. மூணு, நிக்கிற ரெக்கார்டு மேல ஊசியை வெச்சிருக்கீங்க. நாலு, ஓடுற ரெக்கார்டு மேல ஊசி. எந்த நிலையில சத்தம் முதல்ல தலைகாட்டுதுன்னு குறிச்சுக்கோங்க. ஒண்ணுலயே வந்துட்டா அது கரண்ட் சமாச்சாரம், ஊசிக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டுல வந்தா மோட்டாரோட காந்தப்புலம். மூணுல வந்தா ரூம்ல இருக்கற அதிர்வு ஊசிக்கு ஏறுது. நாலுல மட்டும் வந்தா பேரிங், மோட்டார் அதிர்வு, ஆர்ம், இல்ல ரெக்கார்டே. இந்த ஒரு பிரிப்பை பண்ணாமத்தான் பாதிப் பேர் மாசக்கணக்குல சுத்திட்டு இருக்காங்க.

ஊசி மேல இருக்கு, ஆனாலும் ஹம்ம்னு ஒரே சுருதியில சத்தம்

வால்யூமை முழுசா பூஜ்யத்துக்கு கொண்டுபோங்க. அப்பவும் அதே அளவு ஹம் இருந்தா அது டர்ன்டேபிளே இல்ல, ஆம்போட பின்பக்கம் எங்கேயோ. வால்யூமோட சேர்ந்து ஹம்மும் ஏறி இறங்குதுன்னா வேற இன்புட்டுக்கு மாத்திப் பாருங்க, அங்க அமைதியா இருந்தா ஃபோனோ பக்கம்தான் கோளாறுன்னு உறுதி. இங்க ஒரு சின்ன விஷயம்: ஃபோனோ இன்புட்ல கேபிளை கழட்டிட்டு வெறும் வாயா விட்டா எந்த ஆம்பும் கொஞ்சம் ஹம் பண்ணும், அதைப் பாத்து பயப்படாதீங்க. சரியா சோதிக்கணும்னா ஷார்ட்டிங் பிளக் (இன்புட்டோட ரெண்டு முனையையும் ஒண்ணா சேர்க்குற பிளக்) போட்டுப் பாக்கணும், அதுக்கப்புறமும் ஹம் வந்தா ஃபோனோ ஸ்டேஜ்லதான் தப்பு.

அடுத்தது விரல் டெஸ்ட். டோன்ஆர்மோட மெட்டல் பாகத்தை லேசா தொடுங்க. தொட்டதும் ஹம் மாறுதா, கொறையுதோ ஏறுதோ எதுவா இருந்தாலும், ஆர்மோட எர்த் எங்கேயோ அறுந்திருக்குன்னு அர்த்தம். பின்னாடி எர்த் வயர் ஆம்போட கிரவுண்ட் திருகுல இறுக்கமா இருக்கான்னு பாருங்க, அந்த முள்ளுக்கரண்டி மாதிரி முனை கருத்துப் போயிருந்தா சுரண்டிட்டு மாட்டுங்க. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து ஆர்ம் டியூபுக்கும் எர்த் வயர் முனைக்கும் நடுவுல கன்டினியூட்டி இருக்கான்னு பாருங்க. மீட்டர் வெக்கிறதுக்கு முன்னாடி கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லோட கழட்டி ஓரமா வெச்சுடுங்க, எம்சி காயில் தலைமுடியை விட மெல்லிசு, மீட்டர் கரண்டை அதுல விட்டு ரிஸ்க் எடுக்க வேணாம்.

இதுக்கு நேர்எதிர் கேஸும் உண்டு. சில டேபிள்ல தனியா எர்த் வயரே வராது, லெஃப்ட் சேனல் ஷீல்டு வழியாவே எர்த் போயிடும். அந்த மாதிரி டேபிளுக்கு யாரோ சொன்னாங்கன்னு இன்னொரு எர்த் வயரை நீங்களா இழுத்துக் கட்டினா ரெண்டு வழி ஆயிடும், அதுதான் கிரவுண்ட் லூப், ஹம் கூடத்தான் செய்யும். அதனால எர்த் வயரை மாட்டியும் கேளுங்க, கழட்டியும் கேளுங்க, எதுல அமைதியோ அதுல விட்டுடுங்க.

லூப்பு வேற வழியாவும் வரும். ஆம்போட டிவி, கம்ப்யூட்டர், செட்டாப் பாக்ஸ்னு ஏதாவது கோத்திருந்தா ஒண்ணொண்ணா சிக்னல் கேபிளை கழட்டிட்டே வாங்க. எதைக் கழட்டினதும் ஹம் சட்டுனு நிக்குதோ அவன்தான் ஆளு. பெரும்பாலும் டிவிக்கு வர்ற அந்த கோஆக்ஸ் வயர்தான், அது வெளியிலேந்து ஒரு எர்த்தை தூக்கிட்டு வரும், அதுக்கு ஐசொலேட்டர் கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க: மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைச்சா ஹம் போயிடும்னு சொல்லுவாங்க. போகும்தான். ஆனா உள்ள ஏதாவது ஷார்ட் ஆச்சுன்னா ஆம்போட பாடியில கரண்ட் நிக்கும், தொட்ட கையை எடுக்க முடியாது. விளையாட்டு இல்ல அது.

சத்தத்தோட குணத்தையும் கொஞ்சம் கவனிங்க. வழுவழுன்னு ஆழமா 'ம்ம்ம்'னு வந்தா அது 50 ஹெர்ட்ஸ், இல்ல உங்க நாட்டு மின்சாரம் 60ன்னா 60. பெரும்பாலும் பக்கத்துல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜ்ல ஏறுறது. கொஞ்சம் கரகரன்னு 'ர்ர்ர்'னு வந்தா 100, 120ன்னு மேல போற மடங்குங்க, அது பவர் சப்ளை, லைட் டிம்மர், லூப்பு இந்தப் பக்கம்.

டிரான்ஸ்ஃபார்மர் கேஸை கண்டுபிடிக்க ஒரே வழி நகத்துறதுதான். ஊசி மேல இருக்கும்போது கேபிள் எவ்ளோ நீளம் வருதோ அவ்ளோ தூரம் டேபிளை தூக்கிட்டுப் போங்க, திருப்பிப் பாருங்க, ஹம் கூடிக் கொறஞ்சா சந்தேகமே வேணாம். ஆம்பு மேலேயே டேபிளை வெக்கிறவங்களுக்கு இது கட்டாயம் வரும். ஆம்பை தள்ளி வைங்க, பவர் கேபிளும் ஃபோனோ கேபிளும் பக்கத்துல பக்கத்துல ஓடாம பாத்துக்கோங்க, எங்கேயாவது குறுக்க போய்த்தான் ஆகணும்னா நேர் செங்குத்தா குறுக்க விடுங்க.

மோட்டாரை போட்டதும்தான் ஹம் வருதுன்னா, அதாவது ரெண்டாவது நிலையில, ஊசியை இறக்காம ஆர்மை கையால வெளி ஓரத்துலேந்து நடுவுக்கு மெதுவா கொண்டுபோங்க. உள்ள போகப் போக ஹம் ஏறுதா? அப்ப பிளாட்டருக்கு அடியில இருக்கற மோட்டாரோட காந்தப்புலத்தை கார்ட்ரிட்ஜ் வாங்குது. ஷீல்டு சரியா இல்லாத கார்ட்ரிட்ஜும் ஏசி மோட்டாரும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும், எர்த் எவ்ளோ கட்டினாலும் போகாது. வேற கார்ட்ரிட்ஜ் போடுறதுதான் நியாயமான வழி.

ஒரு பக்கம் மட்டும் ஹம்

என் கேஸ் இதான். ஆம்பு பின்னாடி லெஃப்ட் ரைட் ஆர்சிஏ பிளக்கை மாத்திக் குத்துங்க. ஹம் அடுத்த ஸ்பீக்கருக்கு தாவினா கோளாறு டேபிள் பக்கம், தாவலேன்னா ஆம்ப் பக்கம். டேபிள் பக்கம்னா ஹெட்ஷெல்லுக்கு போங்க. நாலு வயர்: வெள்ளை லெஃப்ட் பிளஸ், நீலம் லெஃப்ட் மைனஸ், சிவப்பு ரைட் பிளஸ், பச்சை ரைட் மைனஸ். ஒவ்வொரு கிளிப்பும் பின்னுல இறுக்கமா நிக்குதான்னு பாருங்க. லூசுன்னா கழட்டி பல்குச்சியை உள்ள விட்டு நெருக்குங்க, பின்னுலயே வெச்சு அழுத்தாதீங்க, பின்னு உடைஞ்சா கார்ட்ரிட்ஜே போச்சு. கழட்டுற ஹெட்ஷெல்லா இருந்தா ஆர்ம் முனையில அந்த நாலு சின்ன பொட்டு கருத்திருக்கும், ஐசோபுரொபைல் ஆல்கஹால் பஞ்சுல தொட்டு துடைங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, பாதி ஹம் கேஸ் இந்த நாலு பொட்டுலயே முடிஞ்சுடும்.

பாட்டு மொத்தமும் குடத்துக்குள்ள பாடுற மாதிரி, பேஸ் மட்டும் கும்முன்னு

ஃபோனோ ஸ்டேஜ் ரெண்டு தடவை மாட்டியிருக்கீங்க. டேபிளுக்குள்ளயே ப்ரீஆம்ப் ஆன்ல இருக்கு, அதை கொண்டுபோய் ஆம்போட ஃபோனோ ஓட்டைல குத்தியிருக்கீங்க, பேஸ் ரெண்டு முறை ஏறுது. பின்னாடி ஃபோனோ லைன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், மாத்துங்க. அவ்ளோதான் இதுக்கு.

வால்யூம் ஏத்த ஏத்த ஊளையிடுது

ஸ்பீக்கர் அதிருது, அந்த அதிர்வு தரை வழியாவும் காத்து வழியாவும் டேபிளுக்கு வருது, ஊசி அதை எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புது, மைக்கை ஸ்பீக்கர்கிட்ட காட்டினா கூவுமே அதே கதைதான், ஆனா பேஸ்ல. கொஞ்சமா இருக்கும்போது ஊளையா தெரியாது, பேஸ் மட்டும் சேறு மாதிரி கொழகொழன்னு இருக்கும், நம்ம ஸ்பீக்கர்தான் சரியில்லன்னு நெனச்சுப்போம்.

உறுதி பண்ண ரெண்டு வழி. ஹெட்ஃபோன் மாட்டி ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு அதே ரெக்கார்டை கேளுங்க, பேஸ் சுத்தமாயிட்டா இதேதான். இல்லேன்னா நிக்கிற ரெக்கார்டு மேல ஊசியை வெச்சுட்டு வால்யூமை ரொம்ப மெதுவா ஏத்துங்க, ஒரு இடத்துல 'ஊஊ'ன்னு தானா கிளம்பும், கிளம்பின உடனே இறக்கிடுங்க, வேடிக்கை பாக்காதீங்க.

மருந்து என்னன்னா பிரிச்சு வெக்கிறது. ஒரே மேசையில ஸ்பீக்கரும் டேபிளும் இருந்தா வேற எதுவும் பேசி பிரயோஜனம் இல்ல, ஸ்பீக்கரை இறக்குங்க. அப்புறம் ரூம் மூலை. பேஸ் மூலையிலதான் குவியும், டேபிளை அங்க வெக்காதீங்க. கேக்கும்போது மூடியை முழுசா கழட்டி ஓரமா வைங்க, அது ஒரு பெரிய பறை மாதிரி காத்துல வர்ற சத்தத்தை எல்லாம் வாங்கி அடியில இறக்கும். கனமான கல் பலகையும் அதுக்கடியில மெத்துன்னு காலும் நல்லா வேலை செய்யும். ஆனா மெத்து மேல மெத்துன்னு அடுக்காதீங்க, சஸ்பென்ஷன் இருக்கற டேபிளுக்கு அடியில ஸ்பாஞ்சு வெச்சா அது தொட்டில் மாதிரி ஆடும்.

நடந்தா ஊசி குதிக்குது, தொம்முன்னு சத்தம்

இது மரத்தளம் வீட்டு வியாதி. சுவர்ல அடிச்ச ஷெல்ஃபுல டேபிளை ஏத்திட்டா முக்கால்வாசி தீர்ந்துடும். சுவரும் மெல்லிசு பலகைன்னா, தரையில விட்டம் ஓடுற இடத்துக்கு மேல, சுவரோரமா வைங்க. ட்ராக்கிங் ஃபோர்ஸ் (ஊசி ரெக்கார்டை அழுத்துற எடை) கம்பெனி சொன்னதை விட கொறச்சு வெச்சிருந்தாலும் சீக்கிரம் குதிக்கும், அதையும் ஒரு தடவை அளந்துடுங்க.

சத்தமே இல்ல, ஆனா ஊஃபர் முன்னும் பின்னும் மூச்சு வாங்குது

இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, துணி மூடி போட்டிருக்கறதால. கழட்டிப் பாருங்க. பாட்டு நடுவுல கேப் வரும்போதுகூட கோன் சென்டிமீட்டர் கணக்குல அசையுதுன்னா, நம்ம காதுக்கு எட்டாத 20 ஹெர்ட்ஸுக்கு கீழ ஏதோ ஓடுது. ஆம்பு தன் சக்தியை எல்லாம் அந்த வீண் ஆட்டத்துக்கு கொட்டுது, மேல இருக்கற குரலும் அதோட சேர்ந்து நடுங்குது. ஓட்டை வெச்ச ஸ்பீக்கர்ல இன்னும் மோசம், அந்த போர்ட்டோட ட்யூனிங்குக்கு கீழ கோனை பிடிச்சு நிறுத்த காத்தே இருக்காது.

எங்கேந்து வருதுன்னா, எந்த ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தா அது ஒரு ஸ்பிரிங்ல கட்டின எடை. ஊசியோட கம்பியை தாங்குற ரப்பர்தான் ஸ்பிரிங், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் எடை. இதுக்குன்னு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அது 8லேந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள விழணும். ஏன் அந்த இடம்? மேல 20லேந்து பாட்டு ஆரம்பிக்குது, கீழ 6, 5ன்னு ரெக்கார்டு வளைஞ்ச கோணலும் நம்ம காலடியும் இருக்கு, நடுவுல ஆளில்லாத சந்து அது.

கணக்கு இதான்: ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ் (ஊசி உணர்ற ஆர்மோட எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகு எடை மூணையும் கிராம்ல கூட்டுங்க, அதை கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்ளோ லேசா அசைஞ்சு கொடுக்குதுங்கற அளவு) எண்ணால பெருக்குங்க, ஸ்கொயர் ரூட் எடுங்க, 159ஐ அதால வகுங்க. ஆர்ம் 11, கார்ட்ரிட்ஜ் 6, திருகு 1, ஆக 18 கிராம். கம்ப்ளையன்ஸ் 14ன்னா பெருக்கினா 252, ரூட் சுமார் 15.9, விடை 10 ஹெர்ட்ஸ், அருமை. அதே ஆர்ம்ல 32 கம்ப்ளையன்ஸ் கார்ட்ரிட்ஜை மாட்டினா 576, ரூட் 24, விடை 6.6, ஒவ்வொரு கோணலுக்கும் ஆர்ம் தாண்டவம் ஆடும். ஸ்பெக் பாக்கும்போது ஒரு குழி இருக்கு, சில கம்பெனிங்க 100 ஹெர்ட்ஸ்ல அளந்த கம்ப்ளையன்ஸை போடுவாங்க, அது சின்னதா தெரியும், 10 ஹெர்ட்ஸ் மதிப்புக்கு அதை ஒன்றரையிலேந்து ரெண்டு மடங்கு பண்ணிக்கணும். இதை கவனிக்காம கணக்கு போட்டு எல்லாம் பொருந்துதுன்னு சந்தோஷப்பட்ட ஆள் நானும்தான்.

6.6 மாதிரி வந்தா ஹெட்ஷெல்லை எடை கொறஞ்சதா மாத்துங்க, இல்ல கம்ப்ளையன்ஸ் கம்மியான கார்ட்ரிட்ஜுக்கு போங்க. 12க்கு மேல வந்தா நேர்மாறு, ஹெட்ஷெல்லுல ஒரு ரெண்டு மூணு கிராம் ஏத்துங்க.

ஃபோனோ ஸ்டேஜ்ல சப்சோனிக் இல்ல ரம்பிள்னு ஒரு பட்டன் இருந்தா அழுத்துங்க, வெக்கப்படாதீங்க. 20 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு ஆக்டேவுக்கு 18 டெசிபல் வெட்டுற ஃபில்டர்னா 10 ஹெர்ட்ஸ்ல 18 டெசிபல் போயிடும், பாட்டுல ஒண்ணும் குறையாது. பேஸ் போயிடும்னு பயந்து இதை ஆஃப்ல வெச்சுட்டு ஊஃபரை ஆட விடுறவங்களை பாத்தா எனக்கு புரியவே இல்ல.

மோனோ பட்டன் இருந்தா இன்னொரு வேடிக்கை. பள்ளத்துல பக்கவாட்டு அசைவு ரெண்டு சேனல்லயும் ஒரே மாதிரி வரும், மேலயும் கீழயும் போற அசைவு ஒண்ணுக்கொண்ணு எதிரா வரும். மோனோ போட்டா எதிரும் எதிரும் சேர்ந்து அடிபட்டுடும். மோனோல ஆட்டம் பெருசா கொறஞ்சா அது மேலகீழ அசைவு, பெரும்பாலும் கோணல் ரெக்கார்டு. கொறையலேன்னா பக்கவாட்டு அதிர்வு, மோட்டாரையும் பெல்ட்டையும் பாருங்க.

ஓடும்போது மட்டும் அடியில கடகடன்னு, எந்த ரெக்கார்டு போட்டாலும்

அசல் ரம்பிள் இதான். பெல்ட் டேபிளா இருந்தா பெல்ட்டை கழட்டுங்க, நிக்கிற ரெக்கார்டு மேல ஊசியை வைங்க, மோட்டாரை மட்டும் ஓட விடுங்க. சத்தம் கேட்டா மோட்டார் அதிர்வு கட்டை வழியா வருது, மோட்டாரை தாங்குற ரப்பர் இறுகி கல்லாயிருக்கும், மாத்தணும். கேக்கலேன்னா மிச்சம் பேரிங்கும் பெல்ட்டும்தான்.

ஐட்லர் டேபிள்ல (பெல்ட்டுக்கு பதிலா ரப்பர் வீல் பிளாட்டரை சுத்துற வகை) இந்த டெஸ்ட்டுக்கு ஐட்லர் வீலை கழட்டணும். அந்த நாலு போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் ஊர்ல நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும், அதாவது நொடிக்கு 25, அது நேரா பேஸ்க்குள்ள விழுது. ரப்பர் வீல்ல ஒரு பள்ளம் விழுந்திருந்தா தட் தட்னு கூட சேர்ந்து வரும். வேலை முடிஞ்சதும் வீல் மோட்டாரை விட்டு விலகி நிக்கணும், அழுந்தியே கிடந்தா பள்ளம் விழத்தான் செய்யும்.

பேரிங்குக்கு பிளாட்டரை தூக்கி, ஸ்பிண்டிலை (நடு அச்சு) உருவி, பழைய எண்ணெய்யை துடைங்க. கருப்பா வந்தா மெட்டல் தேய்ஞ்சிருக்கு. அடியில ஒரு குண்டு இருந்தா அதுல தட்டையா தழும்பு விழுந்திருக்கான்னு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, அதே அளவு குண்டு மாத்துறது பெரிய வேலை இல்ல. டேபிள் கம்பெனி சொன்ன எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு போதும், தாராளமா ஊத்தினா வழிஞ்சு பெல்ட்டுக்கு போய் அது வழுக்க ஆரம்பிக்கும்.

சரியா கால இடைவெளி விட்டு தொம்... தொம்...

வாட்சை பாருங்க. 33⅓ ஸ்பீடுல ஒரு சுத்து 1.8 நொடி, 45ல 1.33. அந்த இடைவெளியில தொம்முன்னா சுத்துக்கு ஒருதடவை ஏதோ நடக்குது. ரெக்கார்டை மட்டும் அரை சுத்து திருப்பி வைங்க, பிளாட்டர்ல ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கோங்க. தொம் ரெக்கார்டோட நகந்தா கோணல், இல்ல கீறல். கோட்டோடயே நின்னா பிளாட்டர், மேட், பேரிங். 1.8ஐ விட மெதுவா வந்தா பெல்ட்டோட ஒட்டுப் போட்ட இடம், வேகமா வந்தா மோட்டார் கப்பி.

ஒரே ஒரு ரெக்கார்டுல மட்டும்

எல்லாம் சரியா இருக்கு, வேற ரெக்கார்டு எல்லாம் கண்ணாடி மாதிரி அமைதி, இதுல மட்டும் உறுமுதுன்னா ஊசியை பாட்டுக்கு முன்னாடி இருக்கற வெறும் பள்ளத்துல வெச்சு கேளுங்க. அங்கேந்தே இருந்தா வெட்டின மெஷின்லயோ அச்சு அடிக்கும்போதோ ஏறினது. வெறும் பள்ளம் அமைதியா இருந்து, இசை ஆரம்பிக்கும்போது சேர்ந்து வந்து, மெல்லிசான இடத்துல எட்டிப் பாத்துட்டு கடைசியில இசையோட போயிடுதுன்னா அது பதிவு பண்ணின ஹால்லயே இருந்த சத்தம். லண்டன்ல கிங்ஸ்வே ஹால்னு ஒண்ணு இருந்துச்சு, 1984 வரைக்கும் எத்தனையோ கிளாசிக்கல் ரெக்கார்டு அங்க பதிவாச்சு, சவுண்டு அவ்ளோ பிரமாதமா இருக்கும்னு பேரு, ஆனா அடியில பிக்கடில்லி லைன் சுரங்க ரயில். வயலின் எல்லாம் இறங்கி ஹாலே மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கற இடத்துல திடீர்னு கடகடன்னு ஒண்ணு வந்து போச்சுன்னா டேபிளை கழட்ட ஆரம்பிச்சுடாதீங்க, ரெக்கார்டு கவரோட பின்பக்கத்தை திருப்பி எங்க பதிவு பண்ணினாங்கன்னு பாருங்க.